வாசகர் கேள்வி: அறிவும் ஞானமும் ஒன்றா?

கேள்வி: 1902இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த என் கொள்ளுத்தாத்தாவின் கப்பல் பதிவைத் தேடி எடுத்தேன். பதிவெண், ஊர், தகப்பனார் பெயர், இடக்கைத் தழும்பு எல்லாம் அதில் இருக்கின்றன. ஐந்தாண்டு முடிந்தும் விடுதலையாகாமல் மறுபடியும் கரும்புத் தோட்டத்துக்கே கைநாட்டு வைத்தவர் அவர். எந்தத் தாளிலும் கையெழுத்திட அஞ்சிய என் அப்பாவுக்கு அந்தக் கோழைத்தனமே வந்தது என்றேன். "உனக்குத் தகவல் தெரியும், அப்பாவைத் தெரியாது" என்கிறார் அக்கா. அறிவுக்கும் ஞானத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதானா?
– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அக்கா சொல்வதில் பாதி சரி. ஆளை அடையாளம் காண எழுதப்பட்ட பதிவேட்டுக்குத் தழும்பு வேண்டும். அந்த ஆள் எதற்கு அஞ்சினார் என்பது வேண்டாம்.

ஆனாலும் தகவலை நான் இகழமாட்டேன். உங்களிடம் இருப்பது போதாது என்றே சொல்வேன். 1895ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதன்பின் வந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மீண்டும் ஒப்பந்தம் செய்ய வேண்டும்; இரண்டுக்கும் உடன்படாதவர் ஆண்டுதோறும் 3 பவுண்டு வரி கட்ட வேண்டும். முதலாண்டில் மாதக் கூலி 10 ஷில்லிங்காக, அதாவது அரை பவுண்டாக, இருந்த இடத்தில் அது ஆறு மாதச் சம்பளம். 1914இல்தான் அந்த வரி நீங்கியது. இதைத் தெரிந்துகொண்டபின் கோழை என்ற சொல் உங்கள் வாயில் நிற்குமா? இதுவரை அறிவின் வேலை. இறந்துபோன ஒருவர்மேல் அந்தத் தீர்ப்பை ஏன் அத்தனை அவசரமாக எழுதினோம் என்று உங்களையே கேட்கத் தொடங்கினால், அதை ஞானம் என்று சொல்லத் தயங்கமாட்டேன்.

திருக்குறளின் அதிகார வரிசையைப் பாருங்கள்: கல்வி, கல்லாமை, கேள்வி, அதற்குப் பிறகே அறிவுடைமை, அதை அடுத்துக் குற்றங்கடிதல். நாம் இன்று ஞானம் என்பதற்கு அங்கே அறிவு என்றே பெயர். கற்றதற்கும் அதற்கும் நடுவே செவியால் பெறும் கேள்வி வந்து நிற்கிறது. (கேள்வி என்றாலே வினா என்று எண்ணிப் பழகிவிட்ட எனக்கு இது அடிக்கடி மறந்துபோகிறது.)

உங்கள் அக்காவுக்குக் கப்பல் வந்த ஆண்டு தெரியாமல் இருக்கலாம். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொன்னதைக் கேட்டிருப்பவர் அவர்தான் என்று உங்கள் கடிதத்திலிருந்தே ஊகிக்கிறேன். அடுத்த முறை சந்திக்கும்போது இந்த வரிக் கணக்கை அவரிடம் சொல்லிவிட்டு, அப்பா எந்தெந்தத் தாளுக்கு முன்னால் தயங்கினார் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.