கோபித்தவரைச் சமாதானப்படுத்தப் பழைய தமிழ்ச் சொல் உண்டா?

உண்டு: உணர்த்துதல். ‘சமாதானம்’ வடசொல். இன்று அறிவித்தல் என்ற பொருளில் புழங்கும் ‘உணர்த்துதல்’ அகப்பாடல்களில் ஊடலைத் தீர்ப்பதையும் குறிக்கும். பிணக்கு நீங்குவது உணர்தல், நீக்குவது உணர்த்துதல். ‘உணர்’ என்ற வேர்தான் இரண்டுக்கும்.

1304ஆம் குறளைப் பாருங்கள்: ‘ஊடி யவரை உணராமை வாடிய வள்ளி முதலரிந் தற்று.’ இங்கே ‘உணராமை’ என்றால் உணர்த்தாமை, அதாவது ஊடலைத் தீர்க்காமல் விடுவது. வள்ளி என்பது கொடி. தண்ணீரில்லாமல் துவண்டு கிடக்கும் அவரைக்கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடம் ஊற்றினால் மாலைக்குள் நிமிர்ந்துவிடும். அதைப் போய் அடியோடு அறுப்பதா என்கிறார் வள்ளுவர். எனக்கு மிகவும் பிடித்த உவமை இது.

அப்புறம், தாஜா செய்வது, காக்கா பிடிப்பது எல்லாம் வேறு. அவை காரியம் சாதிக்க. உணர்த்துவதோ உறவுக்காக.