மழை வரப்போகுதுன்னு மூட்டு முன்கூட்டியே சொல்லுமா?

ஓரளவு சொல்லும், ஆனால் நம்பும் அளவுக்கு இல்லை.

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சராசரியாக 1013 மில்லிபார். மழைமேகம் திரளும்போது அது குறைகிறது. வெளியழுத்தம் குறைந்தால் மூட்டைச் சுற்றிய திசுக்கள் இம்மியளவு உப்பி, ஏற்கெனவே தேய்ந்தோ வீங்கியோ இருக்கும் இடத்தின் நரம்பைச் சீண்டலாம் என்பது ஒரு விளக்கம். இதில் எனக்கு ஒரு நெருடல்: 100 மீட்டர் உயரம் ஏறினாலே சுமார் 12 மில்லிபார் குறையும், குன்று ஏறுகிறவர்கள் எல்லாம் அதற்காக அலறுவதில்லை.

குளிருக்கும் பங்கு இருக்கலாம். மூட்டுக்குள் மசகுபோல இருக்கும் திரவம் குளிரில் கெட்டியாகிறது, தசை இறுகுகிறது. மழை நாளில் நாமும் சுருண்டு உட்கார்ந்துவிடுகிறோம். அசையாத மூட்டு விறைக்கும், பழி வானிலைமேல்.

பிரிட்டனில் 2,600-க்கும் மேற்பட்டோர் கைபேசியில் தினமும் வலியைப் பதிவு செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. ஈரப்பதம், காற்று கூடிய, அழுத்தம் குறைந்த நாட்களில் வலி கூடியது, ஆனால் சிறிதளவே. முதுகுவலிக்கு ஆஸ்திரேலியாவில் தேடியபோது குறிப்பிடத்தக்க தொடர்பு கிடைக்கவில்லை.

உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க, இரண்டு மாதம் தினமும் ஒரே நேரத்தில் வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். வானிலையைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். பார்த்துவிட்டு எழுதினால் மனசு கணக்கைத் திருத்திவிடும்.

குளிர்நாளில் துணி சுற்றிய வெந்நீர்ப் பை 15-20 நிமிடம், பிறகு மெல்ல மடக்கி நீட்டுவது. மூட்டு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் அது வானிலை அல்ல, அன்றே மருத்துவரிடம் போங்கள்.