மெஷினுக்கு முன் கப்புகளை எண்ணுங்கள்

கேள்வி: நானும் மனைவியும் வேலை நாட்களில் ஆளுக்கு ஒரு காபி வெளியில் குடிக்கிறோம். வாரத்துக்கு 10 கப். கிரைண்டரோடு சேர்ந்த எஸ்பிரெசோ மெஷின் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். விலை, வெளியில் குடிக்கும் 400 கப்புக்குச் சமம். 40 வாரத்தில் போட்ட பணம் வந்துவிடும், அதன்பின் எல்லாம் லாபம் என்பது என் கணக்கு. 12 மாத வட்டியில்லாத் தவணையும் தருகிறார்கள். மனைவிக்குத்தான் நம்பிக்கையில்லை. வாங்கலாமா? பழைய மெஷின் பாதி விலைக்குக் கிடைக்கிறது, அது தேவலையா?

பதில்: விலையைக் கப் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள், நல்ல பழக்கம். நானும் அதே அலகில் பேசுகிறேன். ஆனால் உங்கள் 40 வாரம், வீட்டுக் காபி ஓசியில் வருகிறது என்று வைத்துப் போட்ட கணக்கு. கொட்டையையும் பாலையும் காசு கொடுத்துத்தானே வாங்க வேண்டும்?

250 கிராம் கொட்டையின் விலை வெளியில் 4 கப்பின் விலை என்று வைத்துக்கொள்வோம். எஸ்பிரெசோவுக்கு ஒரு தடவைக்கு 18 கிராம் போகும். வகுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 14 கப் வர வேண்டும். வராது. புது பாக்கெட் பிரிக்கும்போதெல்லாம் அரைக்கும் பதத்தைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். முதல் இரண்டு மூன்று தடவை இறங்குவதைக் கீழே கொட்டத்தான் செய்வீர்கள். 11 கப் என்று வையுங்கள். பாலையும் சேர்த்தால் வீட்டுக் கப் ஒன்றின் அடக்க விலை 0.4 கப். ஆக மிச்சம் 0.6.

அடுத்தது, அந்த 10 கப்பும் நின்றுவிடுமா என்பது. வெளியே போவது காபிக்காக மட்டுமல்ல. நாற்காலியை விட்டு எழுந்திருக்க, யாரோடாவது பத்து நிமிடம் பேச. மெஷின் வந்தபிறகும் நாலு கப் வெளியில்தான் குடிப்பீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். மீதி 6 கப்பில் வாரம் மிஞ்சுவது 3.6. சரி, சனி ஞாயிறு? மெஷின் இருக்கும்போது சும்மா இருப்பீர்களா? அந்த நாலு கப் இதுவரை இல்லாத செலவு, 1.6. நிஜமாக மிஞ்சுவது வாரம் 2 கப். 400 கப் வசூலாக 200 வாரம், ஏறக்குறைய நாலு வருடம். ஞாயிற்றுக்கிழமைக் காபியை நான் நஷ்டம் என்று சொல்லவில்லை, அது சந்தோஷம். சேமிப்பு என்ற தலைப்பில் எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. காபியின் ருசியைத் தீர்மானிப்பதில் மெஷினைவிடக் கொட்டைக்கும் கிரைண்டருக்கும்தான் பங்கு அதிகம். பிளேடு சுழலும் கிரைண்டரில் அரைத்த தூளை ஒரு வெள்ளைத்தாளில் கொட்டி விரலால் பரப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் மாவு, இன்னொரு பக்கம் உடைந்த அரைக்கொட்டை. வெந்நீர் பட்டதும் மாவிலிருந்து சாரம் அளவுக்கு மீறி இறங்கிக் கசக்கும். பெரிய துண்டுகளில் பாதிகூட இறங்காமல் புளிக்கும். ஒரே கப்பில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வருவது இதனால்தான். இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவில் நசுக்கி அரைக்கும் பர் கிரைண்டரில் துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவில் விழும். கையால் சுற்றுவதே இரண்டு பேருக்குப் போதும்.

என் பட்டியல் சின்னது. நல்ல கை கிரைண்டர் 50 கப், ஒரு பிரெஞ்சு பிரஸ் (தூளை வெந்நீரில் ஊறவைத்து வலைத்தட்டால் அழுத்தி வடிக்கும் குடுவை) அல்லது பேப்பர் ஃபில்டர் வைக்கும் டிரிப்பர் 10 கப், 0.1 கிராம் காட்டும் தராசு 10 கப். மொத்தம் 70. அங்கே விலை இதற்கு முன்னே பின்னே இருந்தால் எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கப்புக்கு 15 கிராம் தூள், 240 கிராம் தண்ணீர், சூடு 90 முதல் 96 டிகிரி. பால் சேர்த்தும் அடக்க விலை 0.3 கப்புக்குள் நிற்கும். மேலே போட்ட அதே கணக்கில் வாரம் 3 கப் மிஞ்சும். 70 வசூலாக 23, 24 வாரம். டிரிப்பர் ஒன்றும் புதுமையில்லை. 1908-லேயே ஜெர்மனியில் மெலிட்டா பென்ட்ஸ், மகனின் நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து, ஓட்டை போட்ட பித்தளைப் பாத்திரத்தில் போட்டு வடிகட்டிப் பார்த்தார். பழுதாக அதில் எதுவுமில்லை, தேய்மானக் கணக்கு பார்ப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கொட்டையில் மொத்தமாக வாங்கிச் சேமிக்க நினைக்காதீர்கள். இந்த முறையில் வாரம் 10 கப் போட 150 கிராம்தான் ஆகும். கிலோ வாங்கினால் ஆறேழு வாரம் ஓடும். தள்ளுபடியில் கிடைத்ததை வாசனை போவதில் இழப்பீர்கள். வறுத்த தேதி போட்ட 250 கிராம் பாக்கெட்டாக வாங்குங்கள். தூளாக வாங்கவே வேண்டாம். கேப்ஸ்யூல் மெஷினை யாராவது சிபாரிசு செய்தால், ஒரு கேப்ஸ்யூலின் விலையை உள்ளிருக்கும் 5, 6 கிராம் தூளால் வகுத்துவிட்டு முடிவெடுங்கள்.

வட்டியில்லாத் தவணையைப் பொறுத்தவரை, ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று ஒரு தடவை கேளுங்கள். ஏதாவது குறைத்தால் அதுதான் வட்டி. செயலாக்கக் கட்டணம் இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 15 பார், 20 பார் என்ற அழுத்த அளவுக்கும் மயங்காதீர்கள். எஸ்பிரெசோ இறங்குவது 9 பார் அளவில்தான், மற்றது பம்பின் உச்ச வலிமை.

நானும் ஒரு காலத்தில் மெஷின் வாங்கினேன். கிரைண்டருக்குப் பணம் மிஞ்சவில்லை. ஆறு மாதம் ஓடியது, அப்புறம் அதன் மேல் பழைய பத்திரிகை அடுக்கினோம். உங்கள் மனைவியின் சந்தேகத்தை நான் மதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழைய மெஷின்? 200 கப் என்றாலும் மேலே போட்ட கணக்கில் 100 வாரம் ஆகும். 70 கப்பு சாமானோடு ஆறு மாதம் ஓட்டுங்கள். அப்போதும் எஸ்பிரெசோ ஆசை விடவில்லையென்றால் கிரைண்டர் சேராத பழைய மெஷினாகப் பாருங்கள். ஆனால் வாங்குமுன் கை கிரைண்டர் எஸ்பிரெசோ பதத்துக்கு நைசாக அரைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், எல்லாம் அரைக்காது. விற்பவர் வீட்டிலேயே மெஷினைச் சூடாக்கச் சொல்லி, இரண்டு மூன்று தடவை வெந்நீர் இறக்கிப் பாருங்கள். தூள் போடும் பிடியை மாட்டும் இடத்தில் ஒழுகினால் ரப்பர் வளையம் போயிருக்கலாம், மாற்றுவது சுலபம். தண்ணீர் திணறித் திணறி வந்தால் உள்ளே உப்பு படிந்திருக்க வாய்ப்பு அதிகம். கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்கள் என்று கேளுங்கள். “அப்படி ஒன்று செய்ய வேண்டுமா?” என்று அவர் திருப்பிக் கேட்டால், காபி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.