ஸ்டீராய்டு க்ரீமும் ஆயின்ட்மென்ட்டும் ஒரே சதவீதம் என்றால் எதை வாங்குவது?

நீங்கள் கேட்டது இது: கை எக்ஸிமாவுக்கு (தோல் அழற்சியால் அரித்து வெடிக்கும் நோய்) மொமெட்டசோன் 0.1% என்ற ஸ்டீராய்டை எழுதிக் கொடுத்திருக்கிறார் டாக்டர், ஆனால் க்ரீமா ஆயின்ட்மென்ட்டா என்று சீட்டில் இல்லை. ரெண்டிலும் மருந்தும் சதவீதமும் ஒன்றுதானே, பிசுபிசுக்காத க்ரீமையே வாங்கிவிடலாமா?

சதவீதம் ஒன்றுதான். வீரியம் ஒன்றில்லை. மருந்துக் கடை கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறவன் நான், எனக்கும் கையில் எக்ஸிமா உண்டு. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை அமெரிக்க முறையில் 7 வகுப்புகளாகப் பிரிப்பார்கள். 1 என்றால் மிகக் கடுமை, 7 என்றால் மிக மென்மை. மொமெட்டசோன் 0.1% ஆயின்ட்மென்ட் 2ஆம் வகுப்பில் இருக்கிறது. அதே 0.1% க்ரீம் 4ஆம் வகுப்பு. பீட்டாமெத்தசோன் வேலரேட் 0.1% என்ற இன்னொரு ஸ்டீராய்டும் அப்படித்தான்: ஆயின்ட்மென்ட் 3, க்ரீம் 5. புளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டைப் பார்த்தால் சதவீதத்தின் மேலிருக்கும் நம்பிக்கையே போய்விடும். அதன் க்ரீம் 0.05%, ஆயின்ட்மென்ட் 0.005%. மருந்து பத்தில் ஒரு பங்குதான், ஆனாலும் ஆயின்ட்மென்ட்தான் மேல் வகுப்பில் இருக்கிறது. வேறு வேறு ஸ்டீராய்டுகளைச் சதவீதம் பார்த்து ஒப்பிடுவது இதைவிட மோசம். 1% ஹைட்ரோகார்ட்டிசோன் கடைசி வகுப்பு, 0.05% குளோபெட்டசால் முதல் வகுப்பு. “ஒன்னு பெருசா இருக்கே, அது வேணாம்” என்று ஹைட்ரோகார்ட்டிசோனுக்குப் பயந்து குளோபெட்டசாலைக் கேட்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வித்தியாசம் மருந்தைச் சுமக்கும் பசையிலிருந்து வருகிறது. ஆயின்ட்மென்ட் பெரும்பாலும் வாசலின் மாதிரியான பெட்ரோலியம் ஜெல்லி, தண்ணீர் கிட்டத்தட்ட இருக்காது. பூசினால் தோலுக்கு மேலேயே உட்கார்ந்துகொள்ளும். கொதிக்கும் பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரி, தோலிலிருந்து ஆவியாகப் போகவேண்டிய ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். மேல்தோல் அந்த ஈரத்தில் ஊறி இளகும்போது மருந்து எளிதாக இறங்குகிறது. க்ரீம் என்பது தண்ணீரும் எண்ணெயும் கலந்த குழம்பு. தேய்த்த சிறிது நேரத்தில் தண்ணீர் காய்ந்துவிடும், மிஞ்சுவது மெல்லிய படலம்தான். ரெண்டையும் ஒவ்வொரு புறங்கையில் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். க்ரீம் போட்ட இடம் தெரியாமல் போய்விடும். ஆயின்ட்மென்ட் போட்ட இடம் மினுமினுவென்று கிடக்கும், கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டாலும் வழுக்கும், போன் திரையில் கைரேகை மொத்தமும் பதியும்.

அதற்காக ஆயின்ட்மென்ட்தான் எப்போதும் உசத்தி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தோல் எப்படி இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. வறண்டு, தடித்து, செதில் விட்டு, வெடித்துக் கிடந்தால் ஆயின்ட்மென்ட். சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் உடைந்து கசிந்துகொண்டிருந்தால் க்ரீம். கசிகிற இடத்தில் ஆயின்ட்மென்ட் ஒட்டவும் செய்யாது, ஈரத்தையும் அடைத்துவைக்கும். கை எக்ஸிமாவில் இந்த ரெண்டு நிலையும் மாறி மாறி வரும் என்பதால் ஒரே ஆளுக்கு ஒரு சமயம் க்ரீமும் இன்னொரு சமயம் ஆயின்ட்மென்ட்டும் தேவைப்படலாம்.

அடுத்தது, உடம்பில் எந்த இடம் என்பது. 1967இல் ஃபெல்ட்மேன், மைபாக் என்ற இருவர் ஹைட்ரோகார்ட்டிசோன் எந்தத் தோலில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தார்கள். முன்கையில் இறங்குவதை 1 என்று வைத்தால் உள்ளங்கை 0.83, உள்ளங்கால் 0.14, நெற்றி 6, தாடை 13, விதைப்பை 42. உள்ளங்காலுக்குச் சரிப்படும் ட்யூபை முகத்தில் போடக்கூடாது என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம். முகம், அக்குள், தொடை இடுக்கு போன்ற இடங்களில் தோல் மெலிவது, சிவப்பாக ரத்தநாளம் தெரிவது, கோடு கோடாகத் தழும்பு விழுவது எல்லாம் சீக்கிரம் வரும். இடுக்குகளில் தோலோடு தோல் ஒட்டியிருப்பதே ஒரு மூடிதான், அதன் மேல் ஆயின்ட்மென்ட் இன்னொரு மூடி. குழந்தைக்கு டயபருக்கு அடியில் பூசினாலும் அதே கதை. தலைமுடிக்குள்ளே ரெண்டுமே வேண்டாம், அங்கே லோஷன் அல்லது சொல்யூஷன்தான் போய்ச் சேரும். முடி அடர்ந்த மார்பிலும் கால்களிலும் ஆயின்ட்மென்ட்டை அழுத்தித் தேய்த்தால் மயிர்க்கால்களில் சீழ்க்கொப்புளம் கிளம்பலாம்.

க்ரீமுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. தண்ணீர் இருப்பதால் கெட்டுப்போகாமலிருக்க அதில் ஏதாவது சேர்த்தாக வேண்டும்: பாராபென், குளோரோகிரசால் மாதிரி. எண்ணெயும் தண்ணீரும் பிரியாமலிருக்க செட்டோஸ்டெரில் ஆல்கஹால், கூடவே புரொப்பிலீன் கிளைக்கால் என்று இருக்கும். வெடித்த விரலில் க்ரீம் பட்டால் சுரீரென்று எரிவதற்குப் பல சமயம் இவைதான் காரணம். எரிவது வேறு, ஒவ்வாமை வேறு. ஒழுங்காகப் பூசியும் ஆறாமல் சிவப்பு பரவிக்கொண்டே போனால் க்ரீமில் இருக்கும் ஏதோ ஒன்றுக்கு, அரிதாக அந்த ஸ்டீராய்டுக்கே, ஒவ்வாமை இருக்கலாம். சந்தேகப் பொருட்களைத் தோலில் ஒட்டிவைத்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இனி உங்கள் விஷயம். பிசுபிசுப்புதான் தடை என்றால் ஒரு சௌகரியம் இருக்கிறது: மொமெட்டசோன் பொதுவாக நாளுக்கு ஒரே தடவை பூசுகிற மருந்து. ராத்திரி எல்லா வேலையும் முடித்துக் கைகழுவி, துடைத்து, படுக்கப் போகும்போது ஆயின்ட்மென்ட் போட்டுக்கொண்டால் பகலில் கீபோர்டிலும் காகிதத்திலும் எண்ணெய் படும் பிரச்சினையே இல்லை. பகலில் மருந்தில்லாத மாய்ஸ்சரைசர் மட்டும், ஒவ்வொரு தடவை கைகழுவிய பிறகும். நானும் அப்படித்தான் செய்கிறேன். மேலே கையுறை மாட்டிக்கொண்டு தூங்கலாமா என்று கேட்பார்கள். பிளாஸ்டிக் கையுறை என்றால் வீரியம் இன்னும் ஏறிவிடும், டாக்டர் சொன்னால் மட்டும் செய்யுங்கள். ராத்திரிகூட அந்தப் பிசுக்கு பிடிக்காமல் நாலு நாளில் நிறுத்திவிடுகிற ஆள் நீங்கள் என்றால் தாராளமாக க்ரீம் கேளுங்கள். டிராயரில் தூங்கும் ஆயின்ட்மென்ட்டைவிட கையில் ஏறும் க்ரீம் மேல். அப்போது டாக்டர் வேறு ஸ்டீராய்டுக்கு மாற்றிக் கொடுக்கவும் வாய்ப்பிருக்கிறது.

அளவுக்கு, ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பிலிருந்து நுனி வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் வருவது சுமார் அரை கிராம். லாங், ஃபின்லே என்பவர்கள் 1991இல் சொன்ன கணக்கு இது. ஒரு கைக்கு (மணிக்கட்டு வரை) முன்னும் பின்னும் சேர்த்து அது போதும். நோய் இருக்கும் இடத்தில் மட்டும் பூசுங்கள், நல்ல தோலுக்கு எதற்கு ஸ்டீராய்டு?

ஆயின்ட்மென்ட் பழகுகிறவர்களுக்கு ஒன்று: துணி, தலையணை உறை, பேண்டேஜில் இந்தப் பெட்ரோலியப் பசை ஊறிக் காய்ந்திருந்தால் சட்டென்று தீப்பிடிக்கும். சிகரெட், அடுப்புப் பக்கம் கவனம். துவைத்தாலும் முழுசாகப் போகாது.

ஒரே ஒரு கையில் மட்டும் செதில் விட்டு, ஓரம் வளையம் வளையமாகப் படர்ந்துகொண்டு போனால் எந்த ட்யூபையும் திறக்காதீர்கள். அது படர்தாமரையாக இருக்கலாம். ஸ்டீராய்டு போட்டால் அரிப்பு அடங்கின மாதிரி இருக்கும், பூஞ்சை உள்ளே வளர்ந்து உருவமே மாறிப்போய், பிறகு தோல் டாக்டருக்கே கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிடும்.

சீட்டில் எழுதாமல் விட்டதைக் கடைக்காரரிடம் முடிவு செய்யச் சொல்லாதீர்கள், நீங்களும் ஊகிக்காதீர்கள். டாக்டருக்கு ஒரு போன் போட்டு, “உள்ளங்கை காய்ந்து வெடித்திருக்கிறது, கசிவு இல்லை, ஆயின்ட்மென்ட் வாங்கட்டுமா, எத்தனை நாள் போடணும்?” என்று கேட்டால் அவர் ஒரே வரியில் சொல்லிவிடுவார். கசிவு இருந்தால் அதையும் சொல்லுங்கள்.