கடைசிப் படிக்குக் கீழே

வணக்கம் மேடம்,

கணினிகள் எண்களைக் கையாளும் விதத்துக்குத் தரம் வகுக்கும் ஒரு பன்னாட்டுக் குழுவில் என்னைச் சேரச் சொல்கிறது எங்கள் நிறுவனம். கூட்டமெல்லாம் நம் நேரப்படி நள்ளிரவில். அதற்கென்று தனிச் சம்பளம் கிடையாது. பழைய கூட்டக் குறிப்புகளைப் படித்துப் பார்த்தேன், ஒரே வாக்கியத்துக்கு மூன்று மாதம் சண்டை போட்டிருக்கிறார்கள். இப்படித் தன்னார்வலர்கள் கூடிப் பேசி உருப்படியாக என்ன வந்துவிடும்? 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராத கணக்கைத்தானே இவர்கள் உலகத்துக்குக் கொடுத்தார்கள்? 1991-ல் பேட்ரியாட் ஏவுகணை, எதிரி ஏவுகணையைத் தடுக்கத் தவறி 28 பேர் இறந்ததற்கும் இதுதானே காரணம்? நான் போகலாமா, வேண்டாமா?

பிரபு, கோவை

அன்புள்ள பிரபு,

பழைய கோப்புகளைக் கிழித்துப் போட உட்கார்ந்த வாரத்தில் உங்கள் கடிதம் வந்தது. 1986 தேதியிட்ட ஒரு தாள் கிழிபடாமல் மேசையிலேயே கிடக்கிறது. அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன். இல்லாவிட்டால் உங்களைத் திட்ட இன்னும் இரண்டு மாதமாவது ஆகியிருக்கும்.

முதலில் 0.3. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதி முடிக்க உங்களால் முடியுமா? 0.333 என்று போய்க்கொண்டே இருக்கும். பத்தில் ஒரு பங்கை இரண்டடிமானத்தில், அதாவது கணினி மாதிரி 0, 1 மட்டும் வைத்து எழுதினாலும் அதே கதைதான். எந்தக் குழுவும் செய்த சதி இல்லை அது. காசுக் கணக்கா, பைசாவை முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். பேட்ரியாட் விஷயம் அதைவிட மோசம். சவுதி அரேபியாவின் தஹ்ரானில் தவறிய அந்தக் கருவி நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணி, 24 பிட் பதிவேட்டில், நிலைப்புள்ளிக் கணக்கில், அதாவது புள்ளி ஒரே இடத்தில் நிற்கும் முறையில் வைத்திருந்தது. நீங்கள் குறை சொல்லும் ஐ-ட்ரிபிள்-ஈ 754, எண்ணின் அளவுக்கேற்பப் புள்ளி இடம் மாறும் மிதவைப் புள்ளிக்கான தரம். நிலைப்புள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 28 உயிரை ஒரு வாதத்துக்கு இழுக்கும் முன் ஒரு பக்கமாவது படித்திருக்கலாம், தம்பி.

சரி, அதை விடுங்கள். 'தன்னார்வலர்கள் கூடி என்ன வரும்' என்ற இடத்துக்கு வருவோம்.

1970-களில் ஒவ்வொரு கம்பெனி இயந்திரத்திலும் ஒவ்வொரு கணக்கு. ஒன்றில் ஓடிய நிரலை இன்னொன்றுக்குக் கொண்டுபோனால் விடை மாறும், சில சமயம் நிரலே விழும். 1977-ல் இதற்கு ஒரு பொதுத் தரம் வேண்டும் என்று அமெரிக்காவில் குழு கூடியது. பெர்க்கிலி பல்கலைக்கழகத்தின் வில்லியம் கஹன் இன்டெலுக்கு ஆலோசகராக இருந்தவர். இன்டெலின் ஜான் பால்மரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, 8087 என்ற கணக்குச் சில்லுக்காக யோசித்து வைத்திருந்ததில் ஒரு பகுதியைக் குழுவுக்குக் கொண்டுவந்தார். அவரும், அவர் மாணவர் ஜெரோம் கூனனும், ஹெரால்ட் ஸ்டோனும் சேர்ந்து வரைவு எழுதினார்கள். எதிர்ப்பக்கத்தில் டெக் என்ற கணினி நிறுவனம். அதன் வேக்ஸ் கணினிகள் அப்போது ஆய்வகங்கள்தோறும் இருந்தன. தன் கணக்கு முறையே தரமாகிவிட்டால் அதற்குச் செலவே இல்லை. ஆக, தன்னார்வலர் என்றால் சாமியார் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு கம்பெனியில் சம்பளம் வாங்கியவர்கள். ஓட்டு மட்டும் அவரவர் பெயரில்.

இழுபறியில் பாதி சீக்கிரம் தீர்ந்தது. 64 பிட் எண்ணில் அடுக்குக்கு, அதாவது எண் எவ்வளவு பெரிது, சிறிது என்று சொல்லும் பகுதிக்கு, 8 பிட் போதாது, 11 வேண்டும் என்று டெக்கே பிறகு அப்படி ஒரு வடிவம் கொண்டுவந்தது. தீராமல் நின்றது ஒன்றே ஒன்று: மிகச் சிறிய எண்ணுக்கும் சுழிக்கும் நடுவில் என்ன இருக்க வேண்டும்?

உங்களுக்கு இது அற்பமாகத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. குளத்துப் படித்துறையில் இறங்குகிறீர்கள். படிகள் சீராக இருக்கின்றன. கடைசிப் படிக்கு அப்புறம் திடீரென்று ஆளுயரப் பள்ளம். அந்தக் கால இயந்திரங்களில் எண்வரிசை இப்படித்தான் இருந்தது. கடைசிப் படிக்குக் கீழே எந்த விடை வந்தாலும் பேசாமல் சுழியாக்கிவிடும். விளைவு என்ன? x-ம் y-யும் வேறு வேறு எண்கள், ஆனால் x-லிருந்து y-யைக் கழித்தால் சுழி. 'இரண்டும் சமமில்லை என்றால் வித்தியாசத்தால் வகு' என்று ஒழுங்காகச் சோதித்து எழுதிய நிரல் சுழியால் வகுத்து விழும். எழுதியவர் மேல் ஒரு தப்பும் கிடையாது. கஹன் பக்கம் சொன்னது, பள்ளத்தின் அடிவரை படி கட்டுங்கள் என்று. கீழே போகப் போக எண்ணின் துல்லியம் குறையும், ஆனாலும் சமமில்லாத இரண்டு எண்களின் வித்தியாசம் ஒருபோதும் சுழியாகாது. கிராஜுவல் அண்டர்ஃப்ளோ என்பது இதுதான். நம் ஊர்க் கணக்கில் முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. அதோடு நிற்காமல் கீழ்முந்திரி, இம்மி என்று இறங்கிக்கொண்டே போனார்கள் இல்லையா, அந்தப் புத்திதான்.

டெக்கின் வாதத்தையும் சொல்ல வேண்டும். இதை வன்பொருளில் செய்தால் வேகம் போகும், செலவு ஏறும் என்றார்கள். அந்தப் பக்கம் வாதாடியவர்களில் மேரி பெய்ன் என்ற கணிதவியலாளர் இருந்தார். ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் இம்மியளவும் அசையாமல் நின்ற பெண்மணி என்றே அவரை நான் கற்பனை செய்து வைத்திருக்கிறேன். அவர் பக்கம் தோற்றது. ஆனால் மிகப் பெரிய கோணங்களுக்கு சைன், கோசைன் கண்டுபிடிக்க அவரும் ஹேனெக்கும் 1983-ல் தந்த வழி இன்றும் கணித நூலகங்களில் ஓடுகிறது. தோற்றவர்களை முட்டாள்கள் என்று நினைத்துக்கொண்டு கூட்டக் குறிப்பு படிக்கக் கூடாது.

ஜார்ஜ் டெய்லர் என்ற பெர்க்கிலி மாணவர் வேக்ஸுக்கே மாற்று மின்சுற்றுப் பலகைகள் வடிவமைத்து, வேகம் கெடாமல் இது முடியும் என்று காட்டினார். அப்போதும் டெக் விடவில்லை. மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஜி. டபிள்யூ. ஸ்டூவர்ட்டை அமர்த்தி, கிராஜுவல் அண்டர்ஃப்ளோவை ஆராய்ந்து சொல்லச் சொன்னது. இவ்வளவு பாடுபடும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை என்று சொல்வார் என்ற எதிர்பார்ப்பு. 1981-ல் பாஸ்டனில் கூட்டம். டெக்கின் சொந்த ஊர் மாதிரி அது. ஸ்டூவர்ட் எழுந்து, எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்தால் கிராஜுவல் அண்டர்ஃப்ளோதான் சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அமர்த்தியவர்கள் எதிரில், பிரபு.

அந்த 754 தரம் அதிகாரபூர்வமாக வந்தது 1985-ல். அதற்குள் பல கம்பெனிகள் வரைவை வைத்தே சில்லு செய்ய ஆரம்பித்திருந்தன. கஹனுக்கு 1989-ல் கணினித் துறையின் மிகப் பெரிய பரிசான டூரிங் விருது கிடைத்தது. குழுக்கள் எப்போதும் இப்படி ஜெயிப்பதும் இல்லை. 2008 திருத்தத்தில் தசம எண்களை பிட்டுகளாக எழுதும் முறையில் ஐபிஎம்முக்கும் இன்டெலுக்கும் ஒத்துப்போகாமல், இரண்டு முறையும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். நம் வீட்டுக் கல்யாணத்தில் இரண்டு சமையல்காரர் வைத்த கதை.

இனி அந்தத் தாள். 1986-ல் நான் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருந்தேன். கணினி வாங்க மூன்று பேர் கொண்ட குழு, அதில் நான்தான் இளையவள், ஒரே பெண். இரண்டு இயந்திரங்கள் போட்டியில் இருந்தன. மேலதிகாரி மனசில் ஒன்றை முடிவு செய்திருந்தார். நான் ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் ஒரு சின்னச் சோதனை எழுதி இரண்டிலும் ஓட்டினேன். அவர் விரும்பிய இயந்திரத்தில் மேலே சொன்ன அதே பள்ளம். ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். "நல்லா எழுதியிருக்கேம்மா, இணைப்பில் போட்டுக்கலாம்" என்றார். இறுதி அறிக்கையில் எட்டு இணைப்புகள் இருந்தன, என் பக்கம் இல்லை. பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன்.

இயந்திரம் வந்து ஒரு வருஷம் இருக்கும். மாத முடிவுக் கணக்கு இரவில் சுழியால் வகுத்து நின்றுபோனது. இரவுப்பணியில் இருந்த ஆபரேட்டர் பையன் ஏதோ தப்பான டேப்பை மாட்டிவிட்டான் என்று முடிவு கட்டி மெமோ கொடுத்தார்கள். மறுநாள் நிரலைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நிரலை மட்டும் திருத்தினேன். மெமோவைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவன் எனக்குத் தினமும் காலையில் டீ வாங்கி வைப்பான், அந்த மாதமும் வைத்தான். பாஸ்டன் கூட்டத்தைப் பற்றிப் படித்தது அதற்குப் பல வருஷம் கழித்து. அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

என்னவோ கேட்டிருந்தீர்களே. போகலாமா என்று. போங்கள். சம்பளத்தைப் பற்றி உங்கள் மேலாளரிடம் பேசிக்கொள்ளுங்கள், என்னிடம் அல்ல. நள்ளிரவு என்றால் மத்தியானம் கொஞ்சம் தூங்கி எழுந்திருங்கள். முதல் ஆறு மாதம் வாயைத் திறக்காமல் கவனியுங்கள். நடுவில் யாராவது "அதை இணைப்பில் போட்டுக்கொள்ளலாம்" என்று சொன்னால் மட்டும் திறங்கள்.