கோவையில் ஓட்ட விலை கூடிய மவுண்டன் பைக் தேவையா?

கோயமுத்தூரில் ஓட்ட 15,000 ரூபாய் மவுண்டன் பைக் (மலைப்பாதை சைக்கிள்) போதுமா, 60,000 போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பேரூர், சிறுவாணி ரோடு, தோட்டத்து இட்டேரி, இவ்வளவுதான் என்றால் அந்த 60,000 தண்டம்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற ஆள் என்றால் எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கிற ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குக்குத் தாராளமாகச் செலவழிக்கலாம். கேபிள் பிரேக்கை வளைவுக்கு வளைவு இறுக்கிப் பிடித்தே விரல் மரத்துவிடும். ஹைட்ராலிக்கில் ஒரு விரலால் லேசாக அழுத்தினால் போதும். அடுத்தது முன் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அதிர்வை வாங்குகிற பகுதி. மலிவு வண்டியில் இருப்பது வெறும் ஸ்பிரிங். கனமும் அதிகம், பள்ளத்தில் விட்டால் துள்ளும். ஏர் ஃபோர்க்கில் நம் எடைக்குத் தகுந்தபடி காற்றடித்துக்கொள்ளலாம். கார்பன் ஃபிரேம் எல்லாம் பந்தயக்காரர்களுக்கு.

அப்புறம், பின்னாலும் சஸ்பென்ஷன் வைத்த மலிவு வண்டிப் பக்கம் போகவே போகாதீங்க. மருதமலை ஏற்றத்தில் மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங்கே தின்றுவிடும்.