நண்பர்களோடு சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது விதி, மரணம், உண்மை மாதிரி பெரிய கேள்விகளுக்குள் போனதுண்டா? எங்கே, எப்படி?

போனதுண்டு. பாபநாசத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில், காலை ரயிலில், லேடீஸ் பெட்டியில்.

நாங்கள் மூன்று பேர். நான் தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். எனக்கு முன்னாலேயே சுந்தரப்பெருமாள் கோயிலில் ஏறி, பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பவர் நர்ஸ் அக்கா. அடுத்த ஸ்டேஷனான பண்டாரவாடையில் ஏறுகிறவள் டிஎன்பிஎஸ்சி கோச்சிங் போகும் பெண். எங்களைவிட ரொம்பச் சின்னவள் என்பதால் அவள் பெயரே பாப்பா என்றாகிவிட்டது.

பாப்பா ஏறிய பிறகு அய்யம்பேட்டை, பசுபதிகோயில், திட்டை, அப்புறம் தஞ்சாவூர். எங்கள் தத்துவத்துக்கு அவ்வளவுதான் நேரம். பேச்சு பாதியில் இருக்கும்போதே பிளாட்பாரம் வந்துவிடும். மறுநாள் “நேத்து எங்கடி விட்டோம்?” என்று அக்கா ஆரம்பிப்பார். கிராசிங்குக்கு வண்டியைப் போட்டுவிட்டால் மற்றவர்கள் திட்டுவார்கள், எங்களுக்கு லாபம். “கடவுள் உண்டா?” என்று யாரும் ஆரம்பித்ததில்லை. அப்படி ஆரம்பித்தால் அக்கா கண்ணை மூடிவிடுவார்.

ஒரு உதாரணம். திட்டைக் கோயிலில் மூலவர் மேல் நாழிகைக்கு ஒரு சொட்டு, அதாவது 24 நிமிஷத்துக்கு ஒரு சொட்டு தண்ணீர் விழும் என்பார்கள். பாப்பா, “யாராவது டைம் வச்சுப் பாத்திருக்காங்களாக்கா?” என்றாள். அக்கா, “சொட்டைப் பத்தி என்கிட்ட கேளு. டிரிப்ஸ் போட்டுட்டு நிமிஷத்துக்கு இத்தனைன்னு எண்ணிட்டு வந்துடுவேன். படுத்திருக்கவங்களுக்கு அந்த ஒரு பாட்டில் ஒரு வருஷம்” என்றார். எல்லோருக்கும் ஓடுவது ஒரே நேரம்தானா என்ற பேச்சு அந்த வாரம் முழுக்க ஓடியது.

ஆனால் இங்கே சொல்ல வந்தது 2024-இல் நடந்தது. டெல்டாக்காரர்களுக்கு ஜூன் 12 என்றால் மேட்டூர் திறக்கும் நாள். அந்த வருஷம் அணையில் தண்ணீர் இல்லை, திறக்கவில்லை. போர்வெல் இருந்தவர்கள் குறுவை நெல் போட்டார்கள். எங்கள் ஆறு மா நிலம் தரிசாகக் கிடந்தது. “எல்லாம் விதி” என்று என் மாமியார் புலம்பியதை ரயிலில் சொன்னேன். பாப்பாவுக்குக் கோபம். “விதி என்னக்கா விதி? அங்க மழை இல்ல, வர வேண்டிய தண்ணி வரல. காரணம் கண்ணுக்குத் தெரியுதுல்ல?” என்றாள்.

அக்கா டிபன் பாக்ஸைத் துடைத்தபடி சொன்னார்: “ஷட்டர்கிட்ட நிக்கிறவனுக்கு அது முடிவு. கடைமடைல நிக்கிறவனுக்கு அது விதி. நடுவுல இருக்கறது தூரம்தான்டி.”

விதியைப் பற்றி நான் எத்தனையோ சொற்பொழிவு கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. (நான் அக்காவின் கட்சி என்பதால் சொல்லவில்லை. மற்ற விஷயங்களில் அவரோடு சண்டைதான்.)

ஜூலை 28-ஆம் தேதி திறந்தார்கள். 30-ஆம் தேதி அணை 120 அடி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது. அத்தனை நாள் சொட்டுக்கு வழியில்லை, இப்போது வைக்க இடமில்லை. “இது யார் முடிவுக்கா?” என்று பாப்பா மடக்கினாள். அக்காவிடம் பதில் இல்லை.

ஆகஸ்டில் ஒரு காலை. வண்டி திட்டையைத் தாண்டி வெண்ணாற்றுப் பாலத்தில் ஏறியதும் பெட்டியில் எல்லோரும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். செம்மண் நிறத்தில் தண்ணீர். அக்கா மட்டும் பார்க்கவில்லை. “நான் ஒரு பொய் சொல்லிட்டேன்டி” என்றார்.

ஜூலை ஆரம்பத்தில் அவர் வார்டில் ஒரு பெரியவர். வயல்காரர், கடைசிக் கட்டம். யார் டூட்டிக்கு வந்தாலும் ஒரே கேள்வி: “வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சா?” ஒருநாள் ராத்திரி அக்கா, “வந்துடுச்சுய்யா” என்றிருக்கிறார். பெரியவர் விடவில்லை. எவ்வளவு ஆழம், நாற்று விட்டாச்சா என்று மேலே மேலே கேட்டிருக்கிறார். அக்காவும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய். விடியுமுன் அவர் போய்விட்டார்.

“செஞ்சது சரியா?”

அதற்குள் தஞ்சாவூர் வந்துவிட்டது.

மறுநாள் பாப்பா தயாராக வந்தாள். பரீட்சைக்குப் படிப்பவள் இல்லையா, குறள் எண்ணோடு வந்தது. “292 க்கா. குத்தமில்லாத நன்மை தரும்னா பொய்யும் வாய்மைதான்.” அக்கா கேட்டார்: “நன்மை யாருக்கு? அந்த ராத்திரி எனக்கு இன்னும் பதினாலு பேஷன்ட். அவர் நிம்மதிக்குச் சொன்னேனா, அவர் வாயை அடைக்கச் சொன்னேனா, எனக்கே தெரியல. அதுதான் உள்ள எரியுது.” பாப்பா சட்டென்று அடங்கிவிட்டாள். அவளுக்கு 293-உம் தெரியும்: தன் நெஞ்சு அறிந்து பொய் சொன்னால், அந்த நெஞ்சே சுடும்.

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “வாழ்நாளெல்லாம் தண்ணி பாத்த மனுஷன்க்கா. தண்ணியைப் பத்தின நெஜத்தையாவது அவருக்குச் சொல்லியிருக்கணும். குழந்தைக்கு நிலாவைக் காட்டுற மாதிரி ஏமாத்தக் கூடாது. நானா இருந்தா அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டேன்” என்றேன். “நீ அங்க நிக்கலடி” என்றார். அதன்பிறகு நாலு நாள் எங்களுக்குள் “நகர்ந்து உக்காரு” என்பதைத் தவிரப் பேச்சில்லை.

அந்த மௌனத்தை உடைத்தது பாப்பா. பசுபதிகோயிலில் வண்டி நின்றிருந்தது. “அவர் நம்பினார்னு எப்படித் தெரியும்க்கா? அத்தனை வருஷம் வயல் பாத்தவர். அந்த வருஷ நிலவரம் தெரியாமலா இருந்திருக்கும்? நாற்று விட்டாச்சான்னு கேட்டது, நீங்க எவ்வளவு தூரம் போவீங்கன்னு பாக்கறதுக்கா இருந்தா? நீங்க கஷ்டப்பட்டு சொல்றீங்களேன்னு நம்பின மாதிரி இருந்திருந்தா?”

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்து, மூடித் திறந்து கொண்டிருந்தார். தஞ்சாவூரில் இறங்கும்போது பாப்பாவின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

இப்படியெல்லாம் பேசி என்ன ஆகப்போகிறது என்று என் வீட்டுக்காரர் கேட்பார். எதுவும் ஆகவில்லைதான். அந்தக் கேள்வி இன்னும் முடியவும் இல்லை. 2025 தொடக்கத்தில் அக்கா ரிட்டயர் ஆகி, கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். இப்போது பையை வைத்து எனக்கு இடம் பிடிக்க ஆளில்லை. பண்டாரவாடை வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

அந்த வருஷம் ஜூன் 12 அன்றே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து அக்கா போன் செய்தார். முட்டிவலி, பேத்தி, கோயம்புத்தூர் தண்ணீரின் ருசி எல்லாம் பேசி முடித்துவிட்டு, வைக்கப்போகும்போது கேட்டார்: “ஏண்டி, உங்க வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சா?”

“வந்துடுச்சுக்கா” என்றேன். நான் வயல் பக்கம் போயே பத்து நாள் ஆகியிருந்தது.